எட்டெக் கன்சார்டியத்தில் புதிதாகச் சேர்கிறீர்களா? ஆன்டிட்ரஸ்ட் பாதுகாப்பு எதுவரை வரும்?

உங்கள் நிறுவனம் 1எட்டெக் போன்ற ஓர் அமெரிக்கக் கல்வித் தொழில்நுட்பக் கன்சார்டியத்தில் (நிறுவனங்களின் கூட்டமைப்பு) உறுப்பினர் ஆகிவிட்டது, உங்களை ஒரு பணிக்குழுவில் போட்டுவிட்டார்கள், வாராவாரம் ஆன்லைன் கூட்டம். கூட்டம் தொடங்கும்போது ஒருவர் ஆன்டிட்ரஸ்ட் (போட்டியாளர்கள் கூடிச் சந்தையைக் கெடுப்பதைத் தடுக்கும் சட்டங்கள்) அறிவிப்பு என்று நாலு வரி வாசிப்பார், எல்லோரும் அந்த நேரத்தில் மின்னஞ்சல் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அப்புறம் யாராவது "நமக்குத்தான் சட்டப் பாதுகாப்பு இருக்கிறதே" என்று சொல்வதும் காதில் விழும். இருக்கிறது, உண்மைதான். ஆனால் அது வழக்கே வராமல் தடுக்கும் கவசம் கிடையாது. வழக்கு வந்து தோற்றால் கட்ட வேண்டிய தொகையைக் குறைக்கும் ஏற்பாடு, அதுவும் சில காகிதங்கள் சரியான நேரத்தில் சரியான இடத்துக்குப் போயிருந்தால் மட்டும். அந்தக் காகிதங்கள் எவை, அவற்றில் உங்கள் பெயர் இருக்கிறதா என்று பார்ப்பது எப்படி, எந்தப் பேச்சுக்கு அந்தப் பாதுகாப்பு வரவே வராது என்பதெல்லாம்தான் இந்தக் கட்டுரை. வக்கீல் ஆலோசனைக்கு இது மாற்று இல்லை, வக்கீலிடம் போகும்போது சரியான கேள்விகளோடு போகலாம், அவ்வளவுதான்.

பயப்பட என்ன இருக்கிறது?

1எட்டெக் என்பது பழைய ஐ.எம்.எஸ். குளோபல் லேர்னிங் கன்சார்டியம்தான். 1997இல் எஜுகாஸ் என்ற உயர்கல்வித் தொழில்நுட்ப அமைப்புக்குள் ஒரு திட்டமாகத் தொடங்கியது, தலைமையிடம் ஃபுளோரிடாவின் லேக் மேரி, 2022இல் பெயரை மாற்றிக்கொண்டது. ஒரு கல்லூரி பாடம் நடத்தப் பயன்படுத்தும் கேன்வாஸ், மூடுல், பிரைட்ஸ்பேஸ் போன்ற மென்பொருளில் வெளியார் செய்த ஒரு கருவியைச் சொருக முடிகிறதென்றால் அதற்குப் பின்னால் எல்.டி.ஐ. என்ற இவர்களுடைய தரநிலை இருக்கிறது. மாணவர் பட்டியலைப் பரிமாற ஒன்ரோஸ்டர், தேர்வுக் கேள்விகளைப் பரிமாற கியூ.டி.ஐ. இப்படி ஒன்றை உருவாக்க வேண்டுமானால் சந்தையில் ஒருவரோடு ஒருவர் மல்லுக்கட்டும் நிறுவனங்கள் ஒரே மேசையில் உட்கார்ந்து பேசி ஒத்துக்கொள்ள வேண்டும். அமெரிக்கச் சட்டத்தின் பார்வையில் சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. போட்டியாளர்கள் கூடி ஒத்துக்கொள்வதைத்தான் 1890ஆம் ஆண்டின் ஷெர்மன் சட்டத்தின் முதல் பிரிவு குறி வைக்கிறது.

அதன்படி குற்ற வழக்கு போட்டால் நிறுவனத்துக்கு 10 கோடி டாலர் வரை அபராதம், தனிநபருக்கு 10 லட்சம் டாலர் வரை அபராதமும் 10 ஆண்டு வரை சிறையும். இது அரசு போடும் வழக்கு. தனியார் போடும் சிவில் வழக்கு வேறு கதை. கிளேட்டன் சட்டத்தின் 4ஆவது பிரிவுப்படி பாதிக்கப்பட்டவர் ஜெயித்தால் நஷ்டத்தைப்போல மூன்று மடங்கு வாங்கலாம், வக்கீல் செலவும் தனி. போதாக்குறைக்கு, கூட்டாகச் செய்த தவறுக்கு மொத்தத் தொகையையும் ஒரே பிரதிவாதியிடமே வசூலிக்கலாம், அப்படிக் கட்டியவர் மற்றவர்களிடம் பங்கு கேட்க முடியாது என்று 1981இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஒரு கோடி டாலர் நஷ்டம் என்று நிரூபித்தால் மூன்று கோடி, அந்த மூன்று கோடியும் உங்கள் ஒரு நிறுவனத்தின் தலையில் விழலாம். சின்ன எட்டெக் நிறுவனம் என்றால் கடையைச் சாத்த வேண்டியதுதான்.

"நாங்கள் லாப நோக்கமில்லாத பல்கலைக்கழகம், எங்களுக்கு என்ன" என்று கேட்கிறவர்கள் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தின் கதையைப் பார்க்கலாம். ஒன்றுக்கு மேற்பட்ட கல்லூரிகளில் தேர்வான மாணவர்களுக்கு எவ்வளவு நிதியுதவி தருவது என்று ஒன்றுகூடி ஒத்துக்கொண்டதற்காக ஐவி லீக் கல்லூரிகள் எட்டின் மீதும் எம்.ஐ.டி. மீதும் 1991இல் அமெரிக்க அரசின் நீதித்துறை (டிபார்ட்மென்ட் ஆஃப் ஜஸ்டிஸ்) வழக்குப் போட்டது. மற்ற எட்டும் சமரசத்துக்கு ஒத்துக்கொண்டன, எம்.ஐ.டி. மட்டும் போராடியது. 1993இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், இதன் நன்மை தீமைகளை இன்னும் விரிவாக எடைபோடச் சொல்லி வழக்கைத் திருப்பி அனுப்பினாலும், கல்வி நிறுவனம் செய்வதால் இது வணிகம் ஆகாது என்ற வாதத்தை ஏற்கவில்லை.

பாதுகாப்பு எங்கிருந்து வருகிறது?

1980களின் தொடக்கத்தில் ஜப்பானிய சிப் நிறுவனங்களைப் பார்த்து அமெரிக்கா கலங்கிப்போயிருந்த நேரம். கூட்டாக ஆராய்ச்சி செய்தால்தான் தாக்குப்பிடிக்க முடியும், செய்தால் மும்மடங்கு நஷ்டஈட்டு வழக்கு வருமோ என்று நிறுவனங்கள் தயங்கின. அதற்காக வந்ததுதான் 1984ஆம் ஆண்டின் தேசியக் கூட்டு ஆராய்ச்சிச் சட்டம். 1993இல் கூட்டு உற்பத்தியையும் சேர்த்து அதை விரித்தார்கள், அதன்பின் சுருக்கமாக என்.சி.ஆர்.பி.ஏ. (National Cooperative Research and Production Act) என்று சொல்கிறார்கள். 2004இல் தரநிலை உருவாக்கும் அமைப்புகளையும் உள்ளே கொண்டுவந்தார்கள். சிப்புகளுக்காக எழுதிய சட்டம் இன்று வகுப்பறை மென்பொருளுக்கும் பொருந்துகிறது.

இதில் இரண்டு அடுக்கு இருக்கிறது. பெரும்பாலானவர்கள் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள்.

முதல் அடுக்கு தானாகவே வரும். சட்டம் சொல்லும் வரையறைக்குள் வருகிற கூட்டு ஆராய்ச்சியை, பார்த்த மாத்திரத்தில் சட்டவிரோதம் என்று நீதிமன்றம் தள்ளிவிட முடியாது. போட்டிக்கு அதனால் நன்மையா தீமையா என்று எல்லாவற்றையும் எடைபோட்டுத்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டும். ரூல் ஆஃப் ரீசன் என்று வக்கீல்கள் சொல்வது இதைத்தான். இதற்கு எங்கும் எதையும் பதிவுசெய்யத் தேவையில்லை.

இரண்டாவது அடுக்கு கேட்டால்தான் கிடைக்கும். கூட்டு முயற்சி தன் உறுப்பினர்கள் யார், செய்யப்போவது என்ன, நோக்கம் என்ன என்று எழுத்தில் அரசுக்கு அறிவித்திருந்தால், வழக்கில் தோற்றாலும் மூன்று மடங்குக்குப் பதில் உண்மையான நஷ்டம் மட்டும், அதற்கு வட்டியும் வழக்குச் செலவும் கட்டினால் போதும். மாநிலங்களின் இதே மாதிரியான சட்டங்களின்கீழ் வரும் வழக்குக்கும் இது பொருந்தும். ஆனால் அறிவிப்பில் சொன்ன எல்லைக்குள் நடந்த செயலுக்கு மட்டும்தான். இதுபோக, வீம்புக்காகவோ அடிப்படையே இல்லாமலோ ஒருவர் வழக்குப் போட்டுத் தோற்றால், உங்கள் வக்கீல் செலவை அவரிடமிருந்து வாங்கவும் இந்தச் சட்டத்தில் வழி உண்டு.

அரசு போடும் குற்ற வழக்கை இது தடுக்காது. நீதிமன்றத் தடை உத்தரவு கேட்டு யாரும் வருவதையும் தடுக்காது.

முதல் வேலை: ஃபெடரல் ரெஜிஸ்டரைத் திறங்கள்

கூட்டத்துக்குப் போவதற்கு முன்னாலேயே செய்ய வேண்டியது இது, அரை மணி நேர வேலை. அமெரிக்க மத்திய அரசின் அரசிதழான ஃபெடரல் ரெஜிஸ்டர் முழுக்க இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அதன் தேடல் பெட்டியில் உங்கள் கன்சார்டியத்தின் பெயரையும் என்.சி.ஆர்.பி.ஏ.வின் முழுப் பெயரையும் சேர்த்துப் போட்டுத் தேடுங்கள். வரிசையாகச் சின்னச்சின்ன அறிவிப்புகள் வரும். எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை மாதிரி இருக்கும்: இன்ன கன்சார்டியம் நீதித்துறையின் தலைவரான அட்டர்னி ஜெனரலுக்கும், சந்தைப் போட்டியைக் கண்காணிக்கும் ஃபெடரல் டிரேட் கமிஷனுக்கும் ஒரே நேரத்தில் அறிவிப்புக் கொடுத்திருக்கிறது, இன்னின்ன நிறுவனங்கள் புதிதாகச் சேர்ந்தன, இன்னின்னவை விலகின, உறுப்பினர் சேர்க்கை தொடர்ந்து திறந்திருக்கிறது. கடைசியில் முதல் அறிவிப்பு என்றைக்குக் கொடுக்கப்பட்டது என்ற தேதியும் இருக்கும். 1எட்டெக்குக்கு அது 2000 ஏப்ரல் 7. ஐ.எம்.எஸ். என்ற பெயரில் இருந்தபோதே கொடுத்தது.

இந்தப் பட்டியலில் உங்கள் நிறுவனத்தின் பெயரைத் தேடுங்கள். பெயர் என்றால் சந்தையில் தெரிந்த பிராண்ட் பெயர் இல்லை, உறுப்பினர் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட சட்டப்பூர்வப் பெயர். பெயரோடு ஊரும், வெளிநாடு என்றால் நாடும் போட்டிருப்பார்கள், அதையும் சரிபாருங்கள். கையெழுத்துப் போட்டது தாய் நிறுவனம், கூட்டத்தில் உட்கார்ந்திருப்பது துணை நிறுவனத்தின் ஆள், இடையில் ஓர் இணைப்பில் பெயரே மாறிவிட்டது என்றெல்லாம் எட்டெக் உலகில் சாதாரணமாக நடக்கும். ஒருவரை ஒருவர் வாங்கிக்கொண்டே இருக்கும் துறை இது.

பெயர் இல்லையா? பதறாமல் கன்சார்டியத்தின் அலுவலகத்துக்கு எழுதிக் கேளுங்கள். உறுப்பினர் மாற்றத்தை 90 நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும் என்பது சட்டம், நீங்கள் போன மாதம்தான் சேர்ந்தீர்கள் என்றால் இன்னும் அனுப்பாமல் இருக்கலாம். "எங்களைச் சேர்த்து எந்தத் தேதியில் அறிவிப்புக் கொடுத்தீர்கள், அல்லது எப்போது கொடுப்பீர்கள்?" என்று ஒரே கேள்வி, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். தொலைபேசியில் "அதெல்லாம் போட்டாச்சு" என்று சொன்னால் போதாது.

தேதிக் கணக்கு கொஞ்சம் விசித்திரமானது. அறிவிப்பு கிடைத்து 30 நாட்களுக்குள் அரசு அதை ஃபெடரல் ரெஜிஸ்டரில் வெளியிட வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் தாமதமாகும். 1எட்டெக்கின் முதல் அறிவிப்பே 2000 ஏப்ரலில் கொடுத்து செப்டம்பர் 13இல்தான் வெளியானது. அரசு தூங்கினால் உங்கள் பாதுகாப்பு போய்விடுமா என்றால், போகாது. வெளியான தேதி, அல்லது அந்த 30 நாள் முடிந்த தேதி, இரண்டில் எது முந்தியதோ அன்றிலிருந்து பாதுகாப்பு செல்லும். அரசின் தாமதத்துக்கு நீங்கள் பொறுப்பில்லை, ஆனால் கன்சார்டியத்தின் தாமதத்துக்கு அப்படி ஒரு சலுகையும் கிடையாது.

நீங்களே புதிதாக ஒரு கன்சார்டியம் தொடங்குகிறீர்கள் என்றால், எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் போட்ட நாளிலிருந்து 90 நாள் கெடு. நோக்கத்தை எழுதும்போது ரொம்பக் குறுக்கி எழுதாதீர்கள், எல்லைக்கு வெளியே போன வேலைக்குச் சலுகை வராது. அதற்காக "கல்வித் தொழில்நுட்பத்தை மேம்படுத்துதல்" என்று வானத்தையே வளைக்கும் மாதிரி எழுதினாலும் நாளைக்கு எதிர்த்தரப்பு வக்கீல் அதைத்தான் பிடிப்பார். அரசிதழில் வெளியாவது தவிர அறிவிப்போடு கொடுத்த மற்ற தகவல்கள், தகவல் அறியும் சட்டத்தின்கீழ் யாருக்கும் தரப்பட மாட்டா. அதனால் விவரமாகச் சொல்லத் தயங்க வேண்டாம்.

2004 திருத்தம்: உறுப்பினர்கள் ஏமாறும் இடம்

இதை நிதானமாகப் படியுங்கள், ஏனென்றால் இந்த விஷயத்தில் அனுபவசாலிகளும் தடுமாறுகிறார்கள். 2004இல் தரநிலை அமைப்புகளுக்குக் கொடுத்த சலுகை அந்த அமைப்புக்கு மட்டும்தான். அதில் பங்கேற்கும் நிறுவனங்களுக்கு இல்லை. தரநிலையால் நேரடியாக லாபமடையக்கூடிய தொழிலில் இருக்கும் ஒருவர் அந்த வேலையில் கலந்துகொண்டு தவறு நடந்தால், அவருடைய பொறுப்பு கொஞ்சமும் குறையாது என்று சட்டமே வெளிப்படையாகச் சொல்கிறது.

ஆகவே உங்கள் கன்சார்டியம் எந்த வகையில் அறிவிப்புக் கொடுத்திருக்கிறது என்று கேட்டே ஆக வேண்டும். 1எட்டெக்கின் அறிவிப்புகள் கூட்டு ஆராய்ச்சித் திட்டம் என்ற வகையில், உறுப்பினர் பெயர்களோடு வருகின்றன. அதில் பெயருள்ள உறுப்பினரும் சலுகைக்குள் வருவார். வேறொரு அமைப்பு தரநிலை அமைப்பு என்று மட்டும் பதிவு செய்திருந்தால், அமைப்பு ஒரு மடங்கோடு தப்பிக்கும், நீங்கள் மூன்று மடங்கோடு நிற்பீர்கள். இணையதளத்தின் அடியில் "என்.சி.ஆர்.பி.ஏ.வின்கீழ் பதிவானது" என்று ஒரு வரி போட்டிருப்பதை மட்டும் பார்த்து நிம்மதியாகிவிடாதீர்கள்.

எந்தப் பேச்சு வேலிக்கு வெளியே?

சட்டம் கூட்டு முயற்சி எது என்று வரையறுக்கும்போதே எது இல்லை என்றும் சொல்லிவிடுகிறது. போட்டியாளர்களுக்கிடையே செலவு, விற்பனை, லாபம், விலை, சந்தைப்படுத்துதல், விநியோகம் பற்றிய தகவல்களைப் பரிமாறுவது, கூட்டு வேலைக்கு நியாயமாகத் தேவைப்பட்டால் ஒழிய, வெளியேதான். யார் எந்தச் சந்தையில் விற்பது என்று பிரித்துக்கொள்வதும் வெளியே. கூட்டு வேலையில் பிறக்காத கண்டுபிடிப்புகளை யாருக்கு லைசென்ஸ் கொடுக்கலாம் கொடுக்கக்கூடாது என்று கட்டுப்படுத்துவதும் வெளியே.

எட்டெக்கில் இது நடைமுறையில் எப்படி வரும்? "அந்தப் பள்ளி மாவட்டத்தின் டெண்டருக்கு நீங்களும் போடுகிறீர்களா?" "மாணவருக்கு எத்தனை டாலர் வாங்குகிறீர்கள், எங்களுக்கு இந்த வருடம் புதுப்பிக்கவே மறுக்கிறார்கள்." "இந்த இணைப்புக்குத் தனிக் கட்டணம் வாங்கலாமா வேண்டாமா, எல்லோரும் ஒரே மாதிரி செய்தால் நல்லது." காபி இடைவேளையில் சாதாரணமாக வரும் பேச்சுதான், அதனால்தான் ஆபத்து. பள்ளி டெண்டரில் கூட்டுச் சேர்வது நேரடியாகக் குற்ற வழக்கு. பள்ளிகளுக்கு இணைய வசதிக்கு மானியம் தரும் ஈ-ரேட் திட்டத்தில் டெண்டர் மோசடிக்காக ஜப்பானிய நிறுவனமான என்.ஈ.சி.யின் அமெரிக்கத் துணை நிறுவனம் ஒன்று 2004இல் குற்றத்தை ஒத்துக்கொண்டு 2 கோடி டாலருக்கு மேல் கட்டியது. ஆட்களை எடுப்பது, சம்பளம் பற்றிய பேச்சும் இதே கணக்குதான்.

இப்படிப் பேச்சு தொடங்கினால் செய்ய வேண்டியது சுலபம், ஆனால் கூச்சமாக இருக்கும். "இதைப் பற்றி நான் பேச முடியாது" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். தொடர்ந்தால் கூட்டத்தைவிட்டு வெளியேறி, நீங்கள் எதிர்ப்புச் சொல்லி வெளியேறியதைக் கூட்டக் குறிப்பில் பதியச் சொல்லுங்கள். பின்னர் உங்கள் சட்டப் பிரிவுக்கு ஒரு மின்னஞ்சல். சும்மா அமைதியாக உட்கார்ந்திருந்தேன் என்பது நல்ல வாதம் இல்லை. கூட்டத்துக்கென்று தனியாக ஒரு வாட்ஸ்அப் குழுவோ ஸ்லாக் சேனலோ தொடங்கினால் அதிலிருந்தும் விலகியே இருங்கள், நிகழ்ச்சி நிரலும் குறிப்பும் இல்லாத இடத்தில்தான் வில்லங்கம் பிறக்கிறது.

ஓட்டுப் போடும்போது

விலை பேசாமலேயே மாட்டிக்கொள்ளும் வழி ஒன்று இருக்கிறது: தரநிலையைப் போட்டியாளருக்கு எதிரான ஆயுதமாக்குவது. இரண்டு பழைய வழக்குகளைத் தெரிந்துவைத்திருங்கள், இரண்டும் கல்வித் துறை இல்லை, ஆனால் கதை அப்படியே பொருந்தும்.

ஒன்று, எஃகுக் குழாய் வழக்கு. மின்கம்பி செல்லும் குழாயைப் பிளாஸ்டிக்கிலும் செய்யலாம் என்று தீத்தடுப்புச் சங்கத்தின் விதித்தொகுப்பில் சேர்க்கும் முன்மொழிவு வந்தது. எஃகுக் குழாய்த் தரப்பு 230 பேரைப் புதிதாக உறுப்பினராக்கிக் கூட்டத்தில் கொண்டுவந்து உட்காரவைத்து, 394க்கு 390 என்று அதைத் தோற்கடித்தது. சங்க விதிகளை நாங்கள் மீறவில்லையே என்றார்கள். 1988இல் உச்ச நீதிமன்றம் அதை ஆன்டிட்ரஸ்ட் பொறுப்பிலிருந்து விடுபடும் காரணமாக ஏற்கவில்லை. இன்னொன்று ஹைட்ரோலெவல் வழக்கு, 1982. அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கத்தின் துணைக்குழுவில் இருந்த ஒரு நிறுவனத்தின் ஆட்கள், சங்கத்தின் பெயரில் ஒரு கடிதம் வரவழைத்து, போட்டியாளரின் பாதுகாப்புக் கருவி விதிக்கு ஒவ்வாதது என்று சந்தையில் பரப்பினார்கள். கடிதத்துக்காகச் சங்கமே பொறுப்பேற்க வேண்டும் என்று தீர்ப்பு.

ஆகவே ஒரு முன்மொழிவை எதிர்க்கிறீர்கள் என்றால் தொழில்நுட்பக் காரணத்தை எழுத்தில் வையுங்கள்: மாணவர் தகவல் பாதுகாப்பு, பழைய பதிப்போடு ஒத்துப்போதல், சோதனை முடிவு, எதுவானாலும். "இது வந்தால் அந்த நிறுவனம் முந்திவிடும்" என்று உள்ளே எழுதிய ஒரு மின்னஞ்சல் பின்னாளில் நீதிமன்றத்தில் திரையில் பெரிதாக ஒளிரும். கன்சார்டியத்தின் பெயரில் யாருக்கும் விளக்கக் கடிதம் எழுதாதீர்கள், அது அலுவலகத்தின் வேலை.

ஒரு கருவி தரநிலைக்கு ஒத்துப்போகிறது என்று கன்சார்டியம் தரும் சான்றிதழ் விஷயத்திலும் இதே எச்சரிக்கை. ஒரு பள்ளி மாவட்டம் (அமெரிக்காவில் ஒரு பகுதியின் அரசுப் பள்ளிகளை நடத்தும் உள்ளாட்சி அமைப்பு) தானாக முடிவெடுத்து, சான்று பெற்ற கருவிகளை மட்டும் வாங்குவோம் என்று டெண்டரில் போட்டால் அதில் தவறில்லை. விற்பனையாளர்கள் கூடி, சான்று வாங்காதவரோடு யாரும் இணைப்பு வைத்துக்கொள்ள வேண்டாம் என்று முடிவெடுப்பது வேறு விஷயம், அது கூட்டுப் புறக்கணிப்பு ஆகலாம். சொல்லப்போனால் அமெரிக்கப் பள்ளி மாவட்டங்களுக்கு 1984ஆம் ஆண்டின் உள்ளாட்சி ஆன்டிட்ரஸ்ட் சட்டப்படி நஷ்டஈட்டு வழக்கிலிருந்தே விலக்கு உண்டு. அதனால் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மாவட்ட அதிகாரி உங்களைவிடத் தைரியமாகப் பேசினால், அவருக்கு இருக்கும் பாதுகாப்பு உங்களுக்கும் இருப்பதாக நினைத்துக்கொள்ள வேண்டாம்.

இன்னொன்று. போட்டியாளர்கள் எப்படி ஒத்துழைக்கலாம் என்று 2000இல் அரசு வெளியிட்ட வழிகாட்டு நெறிகளை 2024 டிசம்பரில் நீதித்துறையும் டிரேட் கமிஷனும் திரும்பப் பெற்றுவிட்டன. அதை நம்பி எழுதிய பழைய பயிற்சி ஸ்லைடுகள் இன்னும் பல நிறுவனங்களில் சுற்றுகின்றன. உங்களுக்குக் கொடுத்த பயிற்சியில் அது இருந்தால் புதுப்பிக்கச் சொல்லுங்கள். என்.சி.ஆர்.பி.ஏ. சட்டம் அதனால் மாறவில்லை.

சென்னையிலிருந்தோ பெங்களூரிலிருந்தோ சேர்கிறவர்களுக்கு

ஆராய்ச்சிக் கூட்டில் வெளிநாட்டு நிறுவனம் சேர்வதற்குத் தடை இல்லை. கூட்டு உற்பத்தி என்றால் மட்டும் முக்கிய உற்பத்தி வசதிகள் அமெரிக்காவில் இருக்க வேண்டும், உறுப்பினர்களைக் கட்டுப்படுத்துகிறவர்கள் எந்த நாட்டவர் என்றும் சொல்ல வேண்டும் என்று கூடுதல் நிபந்தனைகள் உண்டு. தரநிலை எழுதும் வேலைக்கு அது பெரும்பாலும் வராது. ஆனால் அமெரிக்கச் சலுகை அமெரிக்க வழக்குக்கு மட்டும்தான். அதே கூட்டத்தில் இந்தியச் சந்தையைப் பற்றிப் பேசினால் 2002ஆம் ஆண்டின் இந்தியப் போட்டிச் சட்டத்தின் 3ஆவது பிரிவு வரும். அங்கே மும்மடங்கு நஷ்டஈடு இல்லை, ஆனால் விற்றுமுதலை வைத்து அபராதம் போடுவார்கள், போட்டியாளர்களின் கூட்டுச்சதி என்றால் லாபத்தைப்போல மூன்று மடங்கு வரையும் போகலாம். திறனைக் கூட்டும் கூட்டு முயற்சிகளுக்கு அதிலும் ஒரு விலக்கு இருக்கிறது, முன்கூட்டி அறிவித்துச் சலுகை வாங்கும் ஏற்பாடு இல்லை. இரண்டு நாட்டு வக்கீலையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

விலகும்போது

நிறுவனம் விலகினாலோ வேறொருவர் வாங்கினாலோ அதையும் 90 நாட்களுக்குள் கன்சார்டியம் அறிவிக்க வேண்டும். விலகிய தேதியை எழுத்தில் சொல்லி, அறிவிப்பு வெளியானதும் அதன் பிரதியை எடுத்துக் கோப்பில் வையுங்கள். கூடவே சேர்ந்தபோது வந்த அறிவிப்பின் பிரதி, உறுப்பினர் ஒப்பந்தம், கூட்டக் குறிப்புகள், நீங்கள் போட்ட ஓட்டுகளுக்கான காரணம் எல்லாமும். தனியார் வழக்குக்கு நான்கு ஆண்டு கெடு, அரசு வழக்கு நடந்துகொண்டிருந்தால் அந்தக் கெடு இன்னும் நீளும், அதனால் நான்கு முடிந்த மறுநாளே அழித்துவிடாதீர்கள். அந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்று உங்கள் இடத்துக்கு வரப்போகிறவருக்கும் சட்டப் பிரிவுக்கும் ஒரு மின்னஞ்சல் போட்டுவிடுங்கள்.